செக்ரோல் தாளில் ஒரு விஞ்ஞானியைப் படித்த கதை

இறுதியாண்டில் எங்களுக்கு ஒரு கருத்தரங்குப் பாடம் இருந்தது. மூலக்கூறு, செல் நரம்பியலில் ஒரு விஞ்ஞானியை எடுத்துக்கொண்டு, அவருடைய ஆய்வுகளைப் பற்றி 20 நிமிடம் பேச வேண்டும். அப்புறம் 10 நிமிடம் கேள்வி. நான் ரீத்தா லெவி-மொந்தால்சினியை எடுத்தேன். 1909இல் இத்தாலியின் தூரின் நகரில் பிறந்தார், 1986இல் நோபல் பரிசு, 2012இல் 103 வயதில் மறைந்தார் என்று ஸ்லைடு ஸ்லைடாக ஓட்டினேன். கருமாதி வீட்டில் வாழ்க்கைக் குறிப்பு வாசிப்பார்களே, அப்படித்தான் இருந்திருக்கும்.

விரிவுரையாளர் கேட்ட முதல் கேள்வி சின்னது. 1942ஆம் ஆண்டுக் கட்டுரையில் இவருடைய பெயருக்குப் பக்கத்தில் ஜி. லெவி என்று இருக்கிறதே, அவர் யார்? "அப்பா" என்றேன், கொஞ்சமும் தயங்காமல். அவர் அப்பா இல்லை. ஜுசெப்பே லெவி, அவருடைய பேராசிரியர். குடும்பப் பெயர் தற்செயலாக ஒன்றாக அமைந்துவிட்டது. இந்த ஒரே பேராசிரியரிடம் படித்தவர்களில் மூன்று பேர் பின்னால் நோபல் பரிசு வாங்கியிருக்கிறார்கள். இது தெரியாமல் நான் அவரைச் சொந்தக்காரர் ஆக்கிவிட்டேன். அறையே சிரித்தது. கட்டுரையின் தலைப்பைக்கூட நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துபோனது.

அடுத்த வருடம் முதுகலைக்கு விண்ணப்பித்தேன். விண்ணப்பத்தில் அதே பெயரை எழுதியிருந்ததால் நேர்காணலில் கேட்பார்கள் என்று தெரியும். மூன்று வாரம் இருந்தது. மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டுக்குப் பஸ் ஏறினேன். எங்கள் வீடு டவுனிலிருந்து கொஞ்சம் உள்ளே. முன்பு பால்மரம் நின்ற இடத்தில் இப்போது செம்பனை. அம்மா காலையில் உதிரிப் பழம் பொறுக்கப் போய்விடுவார். மத்தியானம் வரை வீடு அமைதியாக இருக்கும். படிக்க இதைவிட நல்ல இடம் எனக்கு இதுவரை அமையவில்லை.

மாமா தோட்டத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஆபிசில் எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறிய பிறகு பழைய செக்ரோல் (வருகைப் பதிவுத்) தாள்கள் அவர் வீட்டில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. "எதுக்கும்மா இந்தக் குப்பை?" என்று கேட்டுக்கொண்டே நாலு தாள் கொடுத்தார். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: இடப்பக்கம் ஆள் பெயர், நடுவில் பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு) வந்தாரா இல்லையா என்று குறிக்க 31 நாளுக்கு 31 கட்டம், வலப்பக்கம் மொத்தம். நான் நாட்களை அடித்துவிட்டு ஆண்டுகளை எழுதினேன். 1938இல் தொடங்கினால் 31ஆவது கட்டம் 1968. அவருடைய முக்கியமான வேலை முழுவதும் அதில் அடங்கிவிட்டது.

ஆண்டுக்குக் கீழே மூன்று வரிசை. அந்தச் சமயத்தில் எது தெரியாமல் இருந்தது? என்ன செய்து பார்த்தார்கள்? வந்த முடிவுக்கு வேறு என்ன விளக்கம் சொல்லலாம்? மூன்றாவது வரிசைதான் என்னைக் காப்பாற்றியது. முதல் இரண்டையும் யார் வேண்டுமானாலும் நிரப்பிவிடலாம்.

முட்டையிலிருந்து தொடங்குகிறேன். 1934இல் கருவியல் ஆய்வாளர் விக்டர் ஹாம்பர்கர் கோழிக்கருவில் இறக்கை வளர வேண்டிய மொட்டை வெட்டி எடுத்தார். அந்த இறக்கைக்குப் போக வேண்டிய நரம்புச் செல்கள் குறைந்துபோயின. (1934 என் கட்டங்களுக்கு வெளியே விழுந்ததால் ஆள் பெயர் எழுதும் இடத்தில் எழுதிவைத்தேன்.) இறக்கை இல்லாததால் செல்கள் உருவாவதற்கான தூண்டுதல் கிடைக்கவில்லை என்பது அவருடைய விளக்கம். 1938இல் முசோலினி அரசு கொண்டுவந்த இனச் சட்டங்களால் யூதரான லெவி-மொந்தால்சினி பல்கலைக்கழகத்தில் வேலை செய்ய முடியாமல் போனது. அவர் தன் படுக்கையறையிலேயே ஆய்வுக்கூடம் வைத்தார். தையல் ஊசியைத் தீட்டித் தீட்டிக் கருவியாக்கினார். அதே மாதிரிச் சோதனையைச் செய்தபோது செல்கள் குறைவது அவருக்கும் தெரிந்தது. ஆனால் அவர் கடைசி நாளில் மட்டும் எண்ணாமல், வெவ்வேறு நாள் கருக்களை எடுத்து, வெள்ளிச் சாயம் ஏற்றி எண்ணினார். செல்கள் உருவாகின்றன, இழை விட்டு வளரத் தொடங்குகின்றன, பிறகு சாகின்றன. பிறக்காமல் போவது வேறு, பிறந்து ஆதரவில்லாமல் சாவது வேறு. முடிவு ஒன்றுதான், விளக்கம் இரண்டு. நாள் விட்டு நாள் எண்ணினால்தான் இரண்டையும் பிரிக்க முடியும்.

இதைப் புரியவைத்தது பாடப்புத்தகம் இல்லை, அம்மா. எங்கள் வீட்டில் அடைக்கோழி உண்டு. வைத்த நாலைந்து நாளில் அம்மா இருட்டில் டார்ச் விளக்கின் மேல் முட்டையை வைத்துப் பார்ப்பார். கரு கூடியிருந்தால் சிலந்தி வலை மாதிரி சிவப்பு ஓடும், இல்லையென்றால் கூமுட்டை. ஒரு நாள் பார்த்தால் போதாதா என்று கேட்டேன். "நாலாம் நாள் நல்லா இருந்தது எட்டாம் நாள் செத்துக் கெடக்கும். நீ எட்டாம் நாள் மட்டும் பாத்தா கூடவே இல்லன்னு சொல்லிடுவே" என்றார். 1942ஆம் ஆண்டுக் கட்டுரையின் சாரம் இதுதான். அந்தக் கட்டத்தில் 'எட்டாம் நாள்' என்று மட்டும் எழுதிவைத்தேன்.

1947இல் ஹாம்பர்கர் லெவி-மொந்தால்சினியை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸுக்கு அழைத்தார். ஒரு பருவத்துக்கு என்று போனவர் 30 ஆண்டு அங்கேயே வேலை பார்த்தார். 1948இல் எல்மர் ப்யூக்கர் என்பவர் எலியின் புற்றுக்கட்டியைக் கோழிக்கருவில் வைத்தபோது நரம்பு இழைகள் அதற்குள் புகுந்து வளர்ந்ததைக் கண்டார். லெவி-மொந்தால்சினி இதை இன்னொரு படி கொண்டுபோனார். கட்டியைக் கருவைத் தொடாமல் முட்டைக்குள் இருக்கும் சவ்வின் மேல் வைத்தார். இரத்தக் குழாய் வழியாக மட்டும்தான் தொடர்பு. அப்போதும் நரம்பு முடிச்சுகள் (நரம்புச் செல்களின் திரள்கள்) பெருத்தன. அப்படியானால் கட்டியிலிருந்து ஏதோ ஒன்று இரத்தத்தில் கரைந்து வருகிறது.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது ஒரு சிக்கல். "ரத்தம் போறதும் நரம்புதானே?" என்றார். கிளினிக்கில் ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை என்றுதானே நாமும் சொல்கிறோம். பேச்சில் இரண்டுக்கும் ஒரே சொல். ஆனால் இந்தச் சோதனையின் உயிரே அந்த இரண்டும் வேறு என்பதில்தான் இருக்கிறது. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பதில் சொல்லப் போகிறவர்கள் இப்படிப்பட்ட சொற்களை முதலிலேயே தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஏழெட்டு கிடைத்தன.

1952இல் லெவி-மொந்தால்சினி கட்டியுள்ள எலிகளோடு பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவுக்குப் போனார். அங்கே எர்த்தா மையரின் திசு வளர்ப்புக்கூடத்தில், ஒரு துளிக்குள் நரம்பு முடிச்சையும் கட்டித் துண்டையும் பக்கத்தில் வைத்தால், ஒரே நாளில் இழைகள் சூரியக் கதிர் மாதிரி சுற்றிலும் விரிந்தன. முட்டையில் பல நாள் காத்திருந்து பார்க்க வேண்டியது ஒரு நாளில் தெரிந்தது. அளக்கும் முறை வேகமானதும் அடுத்தடுத்த கட்டங்கள் நெருக்கமாக நிரம்பத் தொடங்கியதைத் தாளிலேயே பார்க்கலாம்.

இனி வருவதுதான் நேர்காணலில் என்னிடம் கேட்டது. 1953இல் உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோஹன் இவர்களுடைய குழுவில் சேர்ந்தார். அந்தப் பொருள் புரதமா, நியூக்ளிக் அமிலமா (டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. வகையா)? நியூக்ளிக் அமிலத்தை உடைக்கும் நொதி பாம்பு விஷத்தில் இருக்கிறது. கட்டியின் சாற்றில் கொஞ்சம் விஷத்தைச் சேர்த்தால், விளைவு மறைந்துபோனால் நியூக்ளிக் அமிலம், மறையாவிட்டால் புரதம். கணக்கு சுத்தமாக இருந்தது. ஆனால் விளைவு மறையவும் இல்லை, அப்படியே இருக்கவும் இல்லை, அதிகமானது.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு உங்கள் மூன்றாவது வரிசையை நிரப்புங்கள். நான் இரண்டு எழுதினேன். ஒன்று, நியூக்ளிக் அமிலம் ஒரு தடையாக இருந்திருக்கலாம்; அது உடைந்ததும் விளைவு கூடியது. இரண்டு, விஷத்திலேயே அந்தப் பொருள் இருக்கலாம். பிரிக்க ஒரே வழி, கட்டியே சேர்க்காமல் விஷத்தை மட்டும் வைத்துப் பார்ப்பது. அதைத்தான் ஒப்பீட்டுச் சோதனையாக அவர்களும் வைத்திருந்தார்கள். விஷம் மட்டுமே பெரிய கதிர் வட்டத்தை உண்டாக்கியது.

அப்புறம் போன பாதை அழகு. விஷச் சுரப்பி என்பது ஒருவகை உமிழ்நீர்ச் சுரப்பிதானே, அப்படியானால் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில்? ஆண் எலியில் நிறையவே இருந்தது. நரம்பு வளர்ச்சிக் காரணி என்று இன்று சொல்லும் புரதம் அப்படித்தான் கைக்கு வந்தது. 1960இல் அதை முடக்கும் எதிர்ப்புச் சீரத்தைப் பிறந்த எலிக்குட்டிகளுக்குப் போட்டபோது, உள்ளுறுப்புகளைத் தானாக இயக்கும் பரிவு நரம்பு முடிச்சுகள் ஏறக்குறைய அழிந்தே போயின. சேர்த்தால் வளர்கிறது என்பது பாதிச் சான்று. எடுத்தால் அழிகிறது என்பது மீதி. 1971இல் அதன் 118 அமினோ அமிலங்களின் வரிசை தெரிந்தது. அது மொத்தம் போடும் கட்டத்தில் போய் விழுந்தது.

நோபல் பரிசு லெவி-மொந்தால்சினிக்கும் கோஹனுக்கும் கிடைத்தது, ஹாம்பர்கருக்கு இல்லை. இது நியாயமா என்று கேட்டால் என் கட்சி ஹாம்பர்கர் பக்கம்தான். ஆனால் கேட்காமல் நீங்களாகப் பேச வேண்டாம். நேரம் போய்விடும்.

நடைமுறை விஷயம் இரண்டு. 1954இல் மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை அமெரிக்க அறிவியல் அகாடமியின் இதழில் வந்தது. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, சில பக்கம்தான். அவருடைய நோபல் உரையும் அப்படியே. பல்கலைக்கழக நூலக நுழைவு முடிந்துபோனவர்கள் இந்த இரண்டிலிருந்தே தொடங்கலாம். இன்னொன்று, எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள் என்ற எண்களை மனப்பாடம் செய்யாதீர்கள். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. இன்றைய நிலை என்ன என்பதற்கு மட்டும் ஒன்றிரண்டு கையில் இருக்கட்டும். இந்தப் புரதத்தை ஏற்கும் ஏற்பியில் பழுது உள்ளவர்களுக்குப் பிறவியிலேயே வலி தெரிவதில்லை. அமெரிக்காவில் 2018இல் இதே புரதம் ஒருவகைக் கருவிழி நோய்க்குக் கண் சொட்டு மருந்தாக அனுமதி பெற்றது.

நேர்காணலில் மூன்று பேர் இருந்தார்கள். விஷத்தை மட்டும் வைத்த சோதனை இல்லாமல் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பார்கள் என்று ஒருவர் கேட்டார். தாளில் இருந்த முதல் விளக்கத்தைச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுக் குறித்துக்கொண்டார். ஓரத்தில் இருந்த பெரியவர் அதுவரை பேசவே இல்லை. கடைசியில், போர்க்காலத்தில் கடை முட்டையை வைத்துக்கொண்டு எது கரு கூடியது என்று லெவி-மொந்தால்சினி எப்படிக் கண்டுபிடித்திருப்பார் என்றார். அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது, எங்கள் வீட்டில் டார்ச் விளக்குதான் என்றேன். எத்தனையாவது நாள் என்று திருப்பிக் கேட்டார்.

"நாலாம் நாள் சார். எட்டாம் நாள் இன்னொரு தடவை."