அக்காவுக்கு ஒரு கையெழுத்துக் குவில்ட்: மை நிலைத்துவிட்டது, மற்றதெல்லாம் பாக்கி

மை போகவில்லை. சவர்க்காரத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, கையால் நன்றாகக் கசக்கி, கச்சான் காற்றில் காயவைத்து எடுத்த பிறகும் சோதனைத் துண்டில் எழுத்து அப்படியே கறுப்பாக நிற்கிறது. இந்தச் சந்தோஷத்தில்தான் இதை எழுதுகிறேன். குவில்ட் (துணித் துண்டுகளைச் சேர்த்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கும் விரிப்பு) முடிந்துவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், ஒரு புளொக்கைக்கூட, அதாவது ஒரு சதுரத்தைக்கூட, இன்னொன்றோடு சேர்க்கவில்லை.

யாருக்கு என்றால், நான் வீட்டிலிருந்து படம் கீறிக் கொடுக்கும் வெளிநாட்டுக் குவில்ட் சஞ்சிகையில் கணக்குச் சரிபார்க்கும் அக்காவுக்கு. அவவும் திருகோணமலைதான், மெல்பேர்ன் போய்க் கனகாலம். இந்த மாதக் கடைசியோடு வேலையை விடுகிறா, அவவுக்குத் தெரியாமல் தைக்கும் பிரிவுப் பரிசு இது. வாசகருக்கு அவவின் பெயர் தெரியாது. ஆனால் ஒரு மாதிரியைப் பார்த்துத் தைத்து மூலைகள் சரியாகச் சந்தித்தால் அதற்குக் காரணம் அனேகமாக அவதான். 44 அங்குலத் துணி என்று கடையில் சொன்னாலும் நெசவுக் கரை போனால் 42 தேறுவதே பெரிய விஷயம், கணக்கை 40இல் போடு என்று நிற்பா. அச்சில் வரும் ஒவ்வொரு வார்ப்புருப் பக்கத்திலும் ஒரு அங்குலச் சோதனைச் சதுரம் இல்லாவிட்டால் பக்கத்தைத் திருப்பி அனுப்புவா, பிரிண்டர் தன் இஷ்டத்துக்குச் சுருக்கிவிடும் என்பது அவவின் நிரந்தரச் சந்தேகம். எனக்கு வந்த குறிப்புகளில் பாதி ஒரே கேள்விதான்: “இந்த அம்பு தையலை எந்தப் பக்கம் மடிக்கச் சொல்லுது, தங்கச்சி?”

சரி, வேலைக்கு வருவோம். 42 புளொக், 6க்கு 7, ஒவ்வொன்றும் முடிந்த அளவில் 6 அங்குலம். நடுவில் மூலைக்கு மூலை ஒரு வெள்ளைப் பட்டி, அதில் கையெழுத்து, இரண்டு பக்கமும் நிறத் துணியில் முக்கோணம். எல்லோரும் செய்வதுபோல 6½ வெள்ளைச் சதுரத்தின் எதிரெதிர் மூலைகளில் 4½ சதுரங்களை வைத்து, குறுக்கே தைத்து, வெட்டித் திருப்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். அதில் ஒரு பேராசையும் உண்டு, வெட்டி எறியும் மூலையில் அரை அங்குலம் தள்ளி இன்னொரு தையல் போட்டால் புளொக்குக்கு இரண்டாக மொத்தம் 84 அரைச் சதுரங்கள் (இரண்டு முக்கோணம் சேர்ந்த சதுரம்) சும்மா கிடைக்கும், 3½க்குச் சீவிக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கை ‘அடுத்த இதழுக்கு ஒரு மாதிரி’ என்று சொல்லி அக்காவுக்கே அனுப்பினேன். வேறு யாரிடம் கொடுக்கிறது? மறுநாள் பதில்: “அளவெல்லாம் சரி. ஆனா நடுப்பட்டி கிராஸ்ல விழுதே, அதுல என்ன எழுதப் போறீங்க?” எழுதுவது பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை! அலங்காரம் என்று மழுப்பிவிட்டேன். ஆனால் ஆள் சொன்னது நூறு வீதம் உண்மை. நேர் நூலில், அதாவது நூல் ஓடும் திசையில், வெட்டிய சதுரத்தில் மூலைக்கு மூலை எழுதினால் அது நூலுக்குச் சாய்வான கிராஸ், பேனா போகிற பக்கம் துணியும் இழுபடும், எழுத்து கோணும், அயன் பண்ணும்போது இன்னும் கோணும்.

ஆகவே பட்டியைத் தனியாக, நேர் நூலில், 3⅜ அகலத்துக்கு 9½ நீளம். பக்கத்து முக்கோணங்களுக்கு 4⅞ சதுரத்தைக் குறுக்கே இரண்டாக வெட்டுவது. தைத்த பிறகு 6½க்குச் சீவினால் புளொக்கின் ஒவ்வொரு பக்கத்திலும் 4 அங்குலம் நேர் நூல், பட்டி முடிகிற 2 அங்குலம் மட்டும் கிராஸ், அந்த 2 அங்குலத்தைக் குண்டூசியால் அடக்கிவிடலாம். 84 இலவசச் சதுரங்கள் போனதுதான் வயிற்றெரிச்சல்.

இனி எழுதுகிற கதை. கையெழுத்துகள் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் வந்தவை, துணிக்கு அடியில் வைத்து மேலால் கீற வேண்டும். யன்னல் கண்ணாடியில் ஒட்டிக் கீறலாம் என்பவர்கள் பென்சிலோடு நிறுத்திக்கொண்டவர்களாக இருக்க வேண்டும். பேனாவை நிமிர்ந்த கண்ணாடியில் படுக்கையாகப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் மை இறங்க மறுக்கும். பழைய ஷோகேஸ் கண்ணாடியை இரண்டு கதிரைக்கு நடுவில் கிடத்தி, கீழே ஒரு எல்.ஈ.டி. பல்ப். இதுக்கு மேல் வசதி தேவையில்லை. பட்டியை வெட்டிய பிறகு எழுதாமல், பெரிய துண்டில் பென்சிலால் கோடு போட்டு வரிசையாக எழுதிவிட்டுக் கடைசியில் வெட்டுவது நல்லது, துணி நகராது.

துணி பொப்ளின். வேட்டித் துணியிலும் பார்த்தேன், நெசவு ஐதாக இருப்பதால் மை நூல் வழியே ஓடி எழுத்துக்குக் கால் முளைக்கிறது. பேனா பிக்மா மைக்ரொன். 01இன் முனை (0.25 மி.மீ.) நூலில் குத்தி நிற்கிறது, 05 (0.45 மி.மீ.) வழுக்கிக்கொண்டு போகிறது. ஆங்கிலக் கையெழுத்துக்கு 05 போதும். தமிழில் எழுதும்போது மட்டும் ண, ஞ, ணை எல்லாம் சுழிக்குள் மை நிரம்பிக் குருடாகிவிடுகின்றன, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால்தான் வடிவாக வருகிறது. கடையில் கிடைக்கும் சாதாரண மார்க்கர் வேண்டவே வேண்டாம், எழுதிய உடனே சுற்றிவர ஊறுகிறது.

கஞ்சி பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். துணியை விறைப்பாக்க முதலே சோற்றுக் கஞ்சி போட்டு அயன் பண்ணினால் எழுதுவதற்குக் கடதாசிபோல இருக்கும், உண்மை. ஆனால் மை கஞ்சியின் மேல்தான் உட்காரும், நூலில் பிடிக்காது, தோய்க்கும்போது கஞ்சியோடு சேர்ந்து போகும். புதுத் துணியில் ஆலை போட்ட கஞ்சியும் அப்படித்தான். முதலில் தோய்த்துக் காயவைத்து, பிறகு எழுதி, நீராவி இல்லாமல் வெறும் சூட்டில் அயன் பண்ணி, அதற்குப் பிறகு கஞ்சி. இந்த ஒழுங்கில் செய்த துண்டுதான் இரவு முழுக்க ஊறியும் தப்பியது.

மையைப் பற்றி இவ்வளவு பயப்படக் காரணம் உண்டு. 1840களில் அமெரிக்காவில் ஊர் மாறிப் போகிறவர்களுக்கு இப்படிக் கையெழுத்துக் குவில்ட் தைத்துக் கொடுக்கும் வழக்கம் பெரிதாக இருந்தது. அந்தக் காலத்து மைகள் பலவற்றில் இரும்பு உப்பு கலந்திருந்ததால் எழுத்து இருந்த இடமே காலப்போக்கில் அரிபட்டு, சில பழைய குவில்ட்களில் பெயருக்குப் பதிலாக ஓட்டைதான் மிச்சம்.

இரும்பு என்றதும் நினைவு வருகிறது, கடற்கரை ஊர்க்காரர் குண்டூசியை வெள்ளைத் துணியில் இரவில் குத்தி வைக்கக்கூடாது. எங்கள் உப்புக் காற்றுக்குக் காலையில் துருப் பொட்டு நிச்சயம். சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலங்களோடு போத்தலில் அடைத்து வைக்கிறேன்.

நிறத் துணிகளில் பாதி மத்திய வீதிக் கடைகளில் வாங்கியது, மீதி புறக்கோட்டையில் கிலோக் கணக்கில் விற்கும் ஆடைத் தொழிற்சாலை வெட்டுத் துண்டுகள். அவற்றில் பொலியெஸ்டர் கலந்திருக்கும், ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டிப் பாருங்கள், பஞ்சு சாம்பலாகும், பொலியெஸ்டர் உருகி உருண்டையாகும். உள்ளுக்கு வைக்கும் பஞ்சுதான் தலையிடி. இங்கே தடித்த பொலியெஸ்டர்தான் கிடைக்கிறது, குஷனுக்குச் சரி. எங்கள் வெயிலுக்கு ஒரு பருத்திப் படுக்கை விரிப்பே போதும், ஆனால் மெல்பேர்ன் குளிருக்கு அது காணாது. கொழும்பில் ஒருவர் மெல்லிய பருத்திப் பஞ்சு எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், விலையைக் கேட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

இதற்கிடையில் அந்த 84 சதுரங்களை மறக்க முடியவில்லை. இது முடிய, பழைய முறையிலேயே காற்றாடி மாதிரியில் ஒரு தொட்டில் குவில்ட் தைக்கலாம் என்று நிறங்களை ஒதுக்கத் தொடங்கிவிட்டேன். அதற்குள் நேற்று அக்காவிடமிருந்து இன்னொரு செய்தி: “அந்த மாதிரிக்குக் கரைத் துணி அளவு போடேல்லையே. நான் போறதுக்கு முதல் அனுப்புங்க, பார்த்துத் தாறன்.” சுற்றிவர 3 அங்குலக் கரை, மொத்தம் 42க்கு 48 என்று எழுதி அனுப்பிவிட்டேன். கரைக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.