புல்தரையின் அளவும் புல்வெட்டியின் அகலமும்

எனது முதல் புல்வெட்டியை ஓர் அட்டவணையைப் பார்த்து வாங்கினேன். இடப்பக்கத்தில் பரப்பளவு, வலப்பக்கத்தில் அதற்குப் பொருத்தமான வெட்டு அகலம் என்று கடைச்சுவரில் மாட்டியிருந்த அட்டவணை அது. மனையின் பரப்பு 600 சதுர மீட்டர் என்பது நினைவில் இருந்ததால், அந்த வரிசையில் விரலை வைத்து வலப்பக்கம் நகர்த்தினேன். 53 செ.மீ. வெட்டு அகலமும், தானே உருண்டு முன்னேறும் சக்கரங்களும், 35 கிலோ எடையும் கொண்ட பெட்ரோல் இயந்திரம் வீடு வந்து சேர்ந்தது. முதல் நாளே அது பின்தோட்டத்தின் இரண்டு மரங்களுக்கு இடையில் நுழைய முடியாமல் நின்றது. அதைப் பின்னுக்கு இழுத்துத் திருப்பும்போதுதான், ஆறு மாதம் கழித்துத் தெரியவேண்டிய விஷயம் ஆறே நிமிடத்தில் எனக்குத் தெரிந்துபோனது.

அட்டவணையைக் குறை சொல்வதற்கில்லை. நான் அளந்தது மனையை, வெட்டவேண்டியிருந்ததோ புல்லை. வீடு, நடைபாதை, வண்டி நிற்கும் இடம், பூச்செடிப் பாத்திகள் எல்லாவற்றையும் கழித்துவிட்டு அளவுநாடாவோடு மறுபடியும் அளந்தபோது, என்னிடம் இருந்த புல்தரை 220 சதுர மீட்டர்தான். முன்புறத்தில் 9 மீட்டருக்கு 12 மீட்டர் என்ற செவ்வகம் 108 சதுர மீட்டர், பக்கவாட்டில் 1.2 மீட்டர் அகலத்தில் 14 மீட்டர் நீளும் பட்டை ஏறக்குறைய 17. பின்புறத்தில் மரங்களைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் புல் சுமார் 95. வளைந்தும் நெளிந்தும் கிடக்கும் தரையை ஒரே உருவமாக அளக்க முயலவேண்டியதில்லை. மனத்திற்குள் அதைச் செவ்வகங்களாகவும் முக்கோணங்களாகவும் வெட்டிக்கொண்டு தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டினால் போதும். வட்டப் பாத்தி இருந்தால் அதன் ஆரத்தை அதே ஆரத்தால் பெருக்கி, 3.14ஆல் மறுபடி பெருக்கிக் கழித்துவிடலாம். பத்துச் சதுர மீட்டர் முன்பின்னாக இருந்தால் குடிமுழுகிப் போகாது.

பரப்பளவு கையில் வந்தவுடன் அதை அப்படியே அட்டவணைக்குக் கொண்டுபோகாமல், நடக்கவேண்டிய தூரமாக மாற்றிப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையின் மேல் சற்று ஏறியபடி போனால்தான் நடுவில் புல் கோடுகோடாகத் தப்பி நிற்காது. ஆகவே 53 செ.மீ. இயந்திரம் உண்மையில் வெட்டுவது 45 செ.மீ. என்றும், 33 செ.மீ. இயந்திரம் வெட்டுவது 28 செ.மீ. என்றும் வைத்துக்கொள்ளலாம். என் 220 சதுர மீட்டரை முன்னதால் வெட்ட 490 மீட்டர் நடக்கவேண்டும். பின்னதால் வெட்ட 785 மீட்டர். மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நிமிடத்திற்கு 50 மீட்டர் நடந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் ஆறு நிமிடம். இந்த ஆறு நிமிடத்தை மிச்சப்படுத்துவதற்காக 35 கிலோ இயந்திரத்தைக் கொட்டகையிலிருந்து இறக்கி, எண்ணெய் பார்த்து, பெட்ரோல் ஊற்றி, மரத்துக்கு மரம் திருப்பிக்கொண்டிருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

அதே கணக்கை 2,000 சதுர மீட்டருக்குப் போட்டால் கதை வேறு. அகலமான இயந்திரத்துக்கு நாலரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. குறுகியதற்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல். நேரத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேர வித்தியாசம், அதுவும் ஒவ்வொரு முறையும். வெட்டு அகலத்தின் அருமை தரை பெரிதாகப் பெரிதாகத்தான் தெரியவரும். சிறிய தரையில் அது பெரும்பாலும் சுமைதான். 300 சதுர மீட்டர் வரை 30 முதல் 38 செ.மீ., அதற்கு மேல் 800 வரை 40 முதல் 46 செ.மீ., 2,000 வரை 50 செ.மீ.க்கு மேல் என்பது நான் நம்பும் தோராயம். ஆனால் இந்த எண்கள் தடையில்லாத வெறுந்தரைக்குத்தான் பொருந்தும்.

தடைகள் இருந்தால், எண்ணைத் தீர்மானிப்பது தரையின் மொத்தப் பரப்பு அல்ல, அதிலுள்ள மிகக் குறுகிய இடைவெளி. வேலிக் கதவின் அகலத்தையும், மரங்களுக்கு நடுவே உள்ள இடத்தையும், இயந்திரம் நிறுத்தப்போகும் கொட்டகையின் வாசலையும் அளந்துகொண்டு கடைக்குப் போவது நல்லது. பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பது கத்தி வெட்டும் அகலம் மட்டுமே. கத்தியை மூடியிருக்கும் கூடும் சக்கரங்களும் சேர்ந்தால் இயந்திரம் அதைவிடப் பல சென்டிமீட்டர் அகலமாக இருக்கும். திரும்பும் எண்ணிக்கையும் கவனிக்கத்தக்கது. என் முன்புறச் செவ்வகத்தை நீளவாக்கில் வெட்டினால் 20 வரிசை, குறுக்குவாக்கில் வெட்டினால் 27 வரிசை. பரப்பு ஒன்றேதான் என்றாலும் ஏழு திருப்பங்கள் கூடுதல். மரங்களும் பாத்திகளும் நிறைந்த தரையில் நேரத்தைத் தின்பது நடையைவிடத் திருப்பங்களே.

இனி வெட்டும் முறை. புல்வெட்டியின் வரலாறு துணி ஆலையில் தொடங்குகிறது. இங்கிலாந்தின் ஸ்ட்ரௌட் பகுதியில் எட்வின் பட்டிங் என்ற பொறியாளர், கம்பளித் துணியின் மேல் சிலுப்பிக்கொண்டிருக்கும் இழைகளைச் சீவும் இயந்திரத்தைப் பார்த்து, அதே ஏற்பாட்டால் புல்லையும் வெட்டலாம் என்று எண்ணி 1830ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். உருளையில் சுற்றும் வளைந்த கத்திகள், அடியில் அசையாமல் இருக்கும் ஒரு கத்தியோடு உரசிச் செல்ல, இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட புல் கத்தரிக்கோலில் வெட்டியதைப் போல் அறுபடுகிறது. இன்றைய ரீல் வகையும் இதே அமைப்புதான். மோட்டார் இல்லாமல் கையால் தள்ளும் ரீல் புல்வெட்டிக்கு எரிபொருள், வயர், பேட்டரி எதுவும் வேண்டாம்; தூக்கிச் சுவரில் மாட்டிவிடலாம்; விடியற்காலையில் வெட்டினாலும் யாருடைய தூக்கமும் கலையாது. 200 சதுர மீட்டர் வரையுள்ள சமதரைக்கு அதைவிட நிம்மதியான கருவி இல்லை என்பது என் கருத்து.

நிம்மதிக்கு நிபந்தனை ஒன்று உண்டு: புல்லை வளரவிடக் கூடாது. ரீலின் அச்சு உயரத்தைப் புல் எட்டிவிட்டால், அது கத்திக்குள் வராமல் முன்பக்கம் சாய்ந்து படுத்துக்கொள்ளும். ஒரு முறை வெட்டும்போது இலையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது புல்தரை வளர்ப்பவர்கள் எல்லோரும் சொல்லும் விதி. தரையை 4 செ.மீ. உயரத்தில் வைத்திருக்க விரும்புபவர், புல் 6 செ.மீ. வளர்ந்ததும் வெட்டியாகவேண்டும், 2 செ.மீ.யில் வைத்திருப்பவருக்கு 3 செ.மீ.யிலேயே அடுத்த முறை வந்துவிடும். ஆகவே என்ன புல் என்பதும் எந்த இயந்திரம் என்பதைச் சொல்லிவிடுகிறது. அருகம்புல் போலத் தாழ்வாகப் படர்ந்து, தாழ்வாக வெட்டினாலும் தாக்குப்பிடிக்கும் இனங்களுக்கு ரீலின் கூர்மையான வெட்டு அழகாக அமையும். அகன்ற தடித்த இலையுடைய, 6 செ.மீ.க்கு மேல் நிற்கவேண்டிய இனங்களில் அது திணறும். மேடுபள்ளமும் சிறுகல்லும் குச்சியும் உள்ள தரையிலும் அப்படியே. ஒரு சுள்ளி உருளைக்குள் புகுந்தால் கைப்பிடி வயிற்றில் இடித்துவிட்டு நின்றுவிடும்.

மற்ற வகையான ரோட்டரியில், கிடைமட்டமாகச் சுழலும் ஒரே கத்தி தன் வேகத்தால் புல்லை அடித்து அறுக்கிறது. உயரமான புல், ஈரமான புல், உதிர்ந்த இலை எல்லாவற்றையும் அது சமாளிக்கும். கத்தி மழுங்கினாலும் வேலை நடந்துகொண்டே இருப்பதுதான் இதிலுள்ள வஞ்சகம்: அறுபடாமல் கிழிபட்ட இலைநுனிகள் இரண்டொரு நாளில் பழுத்துத் தரை முழுவதும் வெளிறித் தெரியும்போதுதான் நமக்கு உறைக்கும். புதிய இயந்திரம் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள், முதலில் பழையதன் கத்தியைக் கழற்றிச் சாணை பிடித்துப் பார்க்கலாம். பாதிப் பேருக்கு எண்ணம் மாறக்கூடும்.

எதில் ஓடவேண்டும் என்ற கேள்விக்கும் பரப்பளவே பெரும்பாலும் பதில் சொல்கிறது. வயர் இணைப்புள்ள மின்சாரப் புல்வெட்டி எடை குறைந்தது, விலையும் குறைந்தது; ஆனால் அதன் எல்லை வயரின் நீளம். பிளக் இருக்கும் இடத்திலிருந்து தரையின் கடைசி மூலைவரை நேர்க்கோட்டில் அல்லாமல், நடந்து செல்லும் வழியில் அளந்து பாருங்கள். 30 மீட்டரைத் தாண்டினாலோ நடுவில் மரங்கள் இருந்தாலோ வேறு வகைக்குப் போய்விடுவது மேல். அதைப் பயன்படுத்துபவர்கள், பிளக் பக்கத்தில் தொடங்கி விலகிச் செல்லும் வரிசைகளாக வெட்டினால் வயர் எப்போதும் வெட்டிமுடித்த பக்கத்திலேயே கிடக்கும். மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சாதனம் இல்லாமல் இதை இயக்கவே கூடாது.

பேட்டரியைப் பொறுத்தவரை பெட்டியில் பெரிதாக அச்சிட்ட வோல்ட் எண்ணில் மயங்கவேண்டாம். பார்க்கவேண்டியது வாட்-மணி: வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் கிடைப்பது. சில நிறுவனங்கள் 40 வோல்ட் என்று விற்பதும் வேறு சில 36 வோல்ட் என்று விற்பதும் பெரும்பாலும் ஒரே பத்து செல் வரிசைதான். முன்னது முழுதாகச் சார்ஜ் ஏறிய நிலையின் உச்ச எண், பின்னது சராசரி எண். 36 வோல்ட், 5 ஆம்பியர்-மணி என்றால் 180 வாட்-மணி. இயந்திரம் 600 வாட் இழுத்தால் அது 18 நிமிடம் ஓடும். வரிசைக்கு 35 செ.மீ. வீதம் நடந்தால் அந்த நேரத்தில் 315 சதுர மீட்டர் கணக்கில் வரும். திருப்பங்களைக் கழித்தால் 250 கிடைத்தாலே பெரிது. புல் அடர்ந்தோ ஈரமாகவோ இருந்தால் இன்னும் குறையும். ஆகையால் தரையின் பரப்புக்குச் சரியாகப் போதும் என்று சொல்லப்படும் பேட்டரியை வாங்குவதைவிட, ஒரு படி பெரியதையோ இரண்டாவது பேட்டரியையோ சேர்த்துக் கணக்கிடுவதே விவேகம். பேட்டரி பழையதாகும்போது அதன் கொள்ளளவும் குறையும், தரையோ சுருங்கப்போவதில்லை.

பெட்ரோல் இயந்திரத்துக்கு இந்த நிமிடக் கணக்கு கிடையாது என்பதால், 1,000 சதுர மீட்டருக்கு மேல் அதன் கை ஓங்குகிறது. சத்தம், புகை, எண்ணெய் மாற்றுவது, மாதக்கணக்கில் சும்மா கிடந்த பெட்ரோல் கெட்டுப்போய்க் கார்புரேட்டரை அடைப்பது ஆகியவை அதனுடன் கூடவே வரும். தானே முன்னேறும் சக்கரம் பெரிய தரையிலும் சரிவிலும் வரப்பிரசாதம். நெருக்கமான இடத்தில் அது நம்மை இழுத்துக்கொண்டு போய்ச் செடியில் முட்டும்.

ஓர் ஏக்கர் என்பது ஏறக்குறைய 4,047 சதுர மீட்டர். அந்த அளவை 53 செ.மீ. இயந்திரத்தின் பின்னால் நடந்து முடிப்பதென்றால் 9 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். 107 செ.மீ. வெட்டு அகலமுள்ள உட்கார்ந்து ஓட்டும் இயந்திரத்தில் மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் போனால் முக்கால் மணி நேரத்துக்குள் முடியும். நின்ற இடத்திலேயே சுழன்று திரும்பும் ஜீரோ டர்ன் வகை, மரங்கள் மிகுந்த பெருந்தரையில் இன்னும் நேரத்தைக் குறைக்கும். ஆனால் சரிவு இருந்தால் பரப்பளவை மறந்துவிட்டுச் சரிவைப் பாருங்கள். 15 பாகைக்கு மேற்பட்ட சரிவில் உட்கார்ந்து ஓட்டக் கூடாது என்பதே பல கையேடுகள் விதிக்கும் எல்லை. உட்கார்ந்து ஓட்டுபவர் சரிவில் மேலும் கீழுமாகவும், நடந்து தள்ளுபவர் குறுக்காகவும் செல்லவேண்டும். முன்னதில் பயம் வண்டி கவிழ்வது, பின்னதில் பயம் கால் வழுக்கிக் கத்திப் பக்கம் போவது.

தானியங்கி ரோபோ வகையைப் பற்றி ஒன்று மட்டும். அதன் பெட்டியில் 500 சதுர மீட்டர் என்று போட்டிருந்தால், அதை ஒரே மூச்சில் வெட்டிவிடும் என்று பொருளல்ல. சார்ஜ் ஏற்றுவதும் வெட்டுவதுமாக நாளின் பெரும்பகுதி உழைத்து அந்த அளவைப் பராமரிக்கும் என்றே பொருள். பகலில் சில மணி நேரம் மட்டும் ஓடவிட நினைப்பவர் அதற்கேற்ப இரண்டு மடங்கு எண்ணைத் தேடவேண்டும். இரவில் தரையில் நடமாடும் சிறு உயிர்களுக்காக அதை இருட்டில் ஓடவிடாமல் இருப்பதே நல்லது என்பதால், இந்தக் கணக்கு எல்லோருக்கும் பொருந்தும்.

என் 53 செ.மீ. இயந்திரத்தை வாங்கிப் போனவரின் தரை 1,500 சதுர மீட்டர், நடுவில் ஒரு மரம்கூட இல்லாத நீள்செவ்வகம். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகிறது என்றார். நான் 33 செ.மீ. பேட்டரிப் புல்வெட்டிக்கு மாறினேன். மரங்களின் அடியில் தனித்தனியே இருந்த புல்வட்டங்களை எடுத்துவிட்டு ஒரே பாத்தியாக்கியதில் தரை 180 சதுர மீட்டராகச் சுருங்கி, திருப்பங்களும் பாதியாயின. பக்கவாட்டுப் பட்டை மட்டும் அப்படியே இருக்கிறது. போக இரண்டு, வர இரண்டு என்று நான்கு வரிசை எண்ணி வைத்திருந்தேன், ஆனால் 1.2 மீட்டருக்கு 28 செ.மீ. வீதம் ஐந்து வரிசை வேண்டியிருப்பதால், ஒவ்வொரு முறையும் கடைசி வரிசை என்னைத் தவறான முனையில் கொண்டுபோய் நிறுத்துகிறது.