திரும்பும் நேரம் பத்தரை

மார்ச் 3, செவ்வாய்

அக்கா கேட்டேவிட்டாள். "ஒரு மலை ஏறணும்டா. சின்னதா இருந்தாலும் சரி." சரி என்றேன்.

மார்ச் 4

வரைபடத்தில் பார்த்தாயிற்று. அடிவாரத்திலிருந்து 400 மீட்டர் ஏற்றம், பாதை 4 கி.மீ. 'எளிது, புதியவர்களுக்கு ஏற்றது' என்று போட்டிருக்கிறது. யாருக்கு எளிது? படுத்த பிறகும் அந்த ஒரு சொல் விடவில்லை. உயரக்கோடுகள் முதல் 3 கி.மீ. வரை தள்ளித் தள்ளிப் போகின்றன. கடைசியில் ஒன்றோடொன்று ஒட்டாத குறையாக நெருங்குகின்றன. செங்குத்து அங்கேதான்.

மார்ச் 7, சனி

ஷூ வாங்கினோம். சாயங்காலம்தான் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன், நடந்து நடந்து பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரம் அது. பெருவிரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருக்கவேண்டும். இல்லையென்றால் இறக்கத்தில் நகம் முட்டி முட்டிக் கறுத்துப்போகும். பழகுவதற்காக வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு நடக்கிறாள். எட்டு மாதமாக இந்த வீட்டில் அவள் காலடிச் சத்தமே கேட்டதில்லை.

மார்ச் 8

மாடிப்படி 12 தடவை. நடுவில் இரண்டு முறை உட்கார்ந்தாள்.

மார்ச் 11

நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். நமக்கு 48 நிமிடமும் 40 நிமிடமும், ஆக ஒன்றரை மணி நேரம். அது நல்ல உடல்வாகு உள்ளவர்களுக்கு, நிற்காமல் நடந்தால். நான் இரண்டால் பெருக்கினேன். ஏழு மணிக்குக் கிளம்பினால் பத்துக்கு உச்சி. மேலே அரை மணி கூட்டினால் பத்தரை. எங்கே இருந்தாலும் பத்தரைக்குத் திரும்பிவிட வேண்டும். உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி. இதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 13

இறக்கத்தை நினைத்தால்தான் பயம். ஏறும்போது மூச்சுதான் வாங்கும். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது. வலி அன்றைக்குத் தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். ஊன்றுகோல் இரண்டு எடுத்துவைத்தேன். மறுபடி ஒரு வலியை நானே கொண்டுவந்து கொடுக்கிறேனோ?

மார்ச் 16

20 தடவை. உட்காரவில்லை!

மார்ச் 20

பத்தரை என்று சொல்லிவிட்டேன். பதில் இல்லை. பையில் தண்ணீர், மழைச்சட்டை, டார்ச், விசில். ஆபத்தென்றால் ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதவேண்டும். பருத்திச் சட்டை வேண்டாம் என்றேன். வியர்வையில் நனைந்தால் சீக்கிரம் காயாது, மேலே காற்றடித்தால் குளிரும்.

புதன்கிழமை அக்காவின் பரிசோதனை அறிக்கை வரும்.

மார்ச் 22, ஞாயிறு

அவளையே முன்னால் நடக்கவிட்டேன். பேசிக்கொண்டே ஏற முடிந்தால் வேகம் சரி, பேச்சு அறுந்தால் வேகத்தைக் குறைக்கவேண்டும். என்ன பேசுவது என்று தெரியாமல் பதினாறாம் வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தாள். சின்ன வயதில் எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே ராகம். ஆறு பதினாறு தொண்ணூற்றாறில் மூச்சு நின்றது, நின்றோம். மறுபடி ஓர்பதினாறிலிருந்து.

செங்குத்து தொடங்கும் இடத்தில் மணி 9:50. அடி அடியாக வைத்தாள். ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்கு முடியவில்லை, கையை நீட்டினேன். "வேணாம்டா, நானே."

10:30. உச்சி தெரிகிறது. சின்னக் கற்குவியல்கூடத் தெரிகிறது. என் வாய் திறக்கவில்லை. அவளே கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பத்தரை ஆயிடுச்சு. வா, இறங்கலாம்."

முகத்தில் ஏமாற்றம் தெரிகிறதா என்று வழியெல்லாம் தேடினேன். அவள் கண் காலடியிலேயே இருந்தது. கோலை முன்னால் ஊன்றி, முழங்காலைச் சற்று மடக்கி, சின்னச் சின்ன அடியாக இறங்கினாள். நான் சொல்லிக்கொடுத்ததைவிட அழகாக.

மார்ச் 23

வலி இல்லை என்கிறாள். நம்பவில்லை.

மார்ச் 24

மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துப் பின்பக்கமாக இறங்குகிறாள். தொடை கல்லாகிவிட்டதாம். "இது நல்ல வலிடா." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மார்ச் 25, புதன்

போன் இன்னும் வரவில்லை. ஷூவில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டி நிழலில் வைத்திருக்கிறாள். ஏழு மணிக்குப் பதிலாக ஆறுக்குக் கிளம்பியிருந்தால் என்று கணக்குப் போட