நினைவுக்கற்களும் வம்ச ஏடும்: இதுவரை நடந்த வேலை

ஓய்வு பெற்றபின் இரண்டு வேலைகளைக் கையில் எடுத்தேன். முன்னோர்களின் நினைவுக்கற்களைப் பராமரிப்பது ஒன்று. எங்கள் வம்சத்தை ஆதாரத்தோடு எழுதி வைப்பது இன்னொன்று. செய்யச் செய்ய இரண்டும் ஒன்றாகிவிட்டன. கல்லைத் தொடுமுன் அதைப் படித்து எழுத வேண்டியிருக்கிறது; எழுதியதில் சந்தேகம் வந்தால் மறுபடி கல்லிடம்தான் போக வேண்டியிருக்கிறது.

அதனால் தண்ணீர் படுமுன் படம் எடுத்துவிடுவேன். தேய்ந்த எழுத்தை நேர் வெளிச்சத்தில் எடுத்தால் ஒன்றும் தெரியாது. காலை, மாலை வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும்போது வெட்டுக்குள் நிழல் தங்கி எழுத்து எழுந்து வரும். வெயில் படாத பக்கம் என்றால் ஒரு கண்ணாடியைப் பிடித்து, வெளிச்சத்தைக் கல்லின் ஓரத்திலிருந்து திருப்பிவிடுகிறேன். என் பூட்டியின், அதாவது தாத்தாவின் அம்மாவின் கல்லில், யாருக்கும் பிடிபடாமல் இருந்த கடைசி வரி இப்படித்தான் கிடைத்தது. அவருடைய தகப்பனாரின் பெயர்! அன்று முழுக்க வேறெதுவும் செய்ய மனம் வரவில்லை. எழுத்து தெரிய வேண்டுமென்று சாக்குக்கட்டியைத் தேய்ப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். தூள் நுண்துளைகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். நலிந்த மேற்பரப்பும் உரசலில் போகும்.

சுத்தம் செய்வதற்கு முன் அது என்ன கல் என்று தெரிந்தாக வேண்டும். பளிங்கும் சுண்ணாம்புக்கல்லும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். வினிகர், எலுமிச்சைச் சாறு, ஆசிட் எது பட்டாலும் கரையும். அழுக்கோடு எழுத்தின் விளிம்பும் போய்விடும். பிளீச் எந்தக் கல்லுக்கும் ஆகாது. அது விட்டுப்போகும் உப்பு உள்ளே இறங்கி, ஈரம் காயும்போது படிகமாகி, மேற்பரப்பை உள்ளிருந்து தள்ளிப் பெயர்க்கும். கம்பித் தூரிகையும் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சும் இயந்திரமும் கருங்கல்லானாலும் கூடாது.

எனக்குப் போதுமானவை நிறையத் தண்ணீர், மென்மையான நைலான் தூரிகை, மரக்குச்சி. முதலில் கல் நன்றாகத் தண்ணீர் குடிக்க வேண்டும். பிறகு கீழிருந்து மேலாகத் தேய்த்துக்கொண்டே போய், உடனுக்குடன் அலசிவிட வேண்டும். மேலிருந்து தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த பகுதியில் வழிந்து கோடு கோடாகக் கறை விழும். லைக்கன் (கல்லில் ஒட்டி வளரும், பாசி போன்ற திட்டு) படர்ந்திருந்தால் காய்ந்த நிலையில் சுரண்டக்கூடாது. அதன் இழைகள் கல்லுக்குள் புகுந்திருக்கும். பிடுங்கினால் கல் துகளும் கூடவே வரும். ஊறவைத்து, வந்த அளவுக்கு எடுத்துவிட்டு, மீதியை விட்டுவிடுகிறேன். தடவினாலே சர்க்கரைபோல் உதிரும் பழைய பளிங்குக்குத் தண்ணீர்கூட வேண்டாம். படம் மட்டும் எடுக்கிறேன். கல் புதிதுபோல மின்ன வேண்டும் என்ற ஆசையே எனக்கு இல்லை. பெயர் படிக்கக் கிடைத்தால் போதும்.

மூட்டுகளில் சிமென்ட் பூசுவதும் கெடுதலே. மென்மையான கல்லைவிடச் சிமென்ட் கடினமானது. ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லையே பிளக்கவைக்கும். சுண்ணாம்புக் காரையே ஏற்றது. சாய்ந்து நிற்கும் கல்லை நான் தொடுவதில்லை. ஒரு கன மீட்டர் கருங்கல் ஏறக்குறைய 2,700 கிலோ இருக்கும். அது அனுபவமுள்ள கொத்தனாரின் வேலை.

வம்ச ஏட்டுக்கு, 1590-இல் மிக்கேல் ஐட்சிங்கர் என்பவர் பயன்படுத்திய எண் முறையைப் பின்பற்றுகிறேன். நான் 1. ஒருவரின் எண்ணை இரட்டித்தால் அவர் அப்பா. அதோடு ஒன்று சேர்த்தால் அம்மா. அப்பா 2, அம்மா 3, அப்பாவின் அப்பா 4. பத்துத் தலைமுறை மேலே போனால் 1,024 இடங்கள் வரும். உறவுக்குள் திருமணம் நடந்திருந்தால் ஒரே ஆள் இரண்டு எண்களில் உட்கார்ந்திருப்பார், எங்கள் ஏட்டிலும் அப்படி இருக்கிறார்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் எங்கே கிடைத்தது என்று எழுதுகிறேன்: கல், பதிவேடு, கடிதம், யார் வாய்ச்சொல். கல்லில் இருப்பதாலேயே எல்லாம் சரியாகிவிடாது. இறந்த தேதி பெரும்பாலும் நம்பத்தக்கது. பிறந்த தேதியோ, பல ஆண்டுகள் கழித்து யாரோ நினைவிலிருந்து சொன்னதாக இருக்கலாம். முரண்பட்டால் இரண்டையும் எழுதிவைக்கிறேன், எதையும் அழிப்பதில்லை.

எண்களைப் போட்டுப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. இந்த முறையில் 1-க்கு மேற்பட்ட ஒற்றைப்படை எண்கள் எல்லாம் பெண்கள். காலியாகக் கிடப்பவை பெரும்பாலும் அவையே. கற்களில் "இன்னாரின் மனைவி", "இன்னாரின் தாயார்" என்று இருக்கும். பிறந்த குடும்பத்தைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. பூட்டி 9. அந்தக் கடைசி வரியால் 18 நிரம்பியது. அவரைப் பெற்ற 19 இன்னும் வெற்றிடம்.

அத்தையிடம் இப்போது ஆண்டுகளைக் கேட்பதில்லை. "யார் கல்யாணத்துக்கு முன்னாடி, அத்தை? அப்போ கைக்குழந்தையா இருந்தது யாரு?" என்று கேட்டால் கடகடவென்று சொல்கிறார். அனுமதி வாங்கிப் பதிவு செய்து, அன்றே எழுத்தாக்கிவிடுகிறேன். அவர் பெட்டியிலிருந்த பழைய படங்களை 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்து, படத்தின் தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் கோப்புகளாக வைத்திருக்கிறேன். படத்தின் பின்பக்கம் மெல்லிய பென்சிலால் மட்டும் பெயர். மொத்த விவரத்தையும், வம்சாவளி மென்பொருள்கள் படிக்கும் பொது வடிவமான ஜெட்காம் கோப்பாக மாற்றி, உயிரோடிருப்பவர்களின் விவரங்களை நீக்கி, மூன்று உறவினர் வீடுகளுக்குக் கொடுத்தாயிற்று. கூடவே காலி எண்களின் பட்டியலையும் வைத்தேன். அதில் 19-ஐ முதலில் எழுதியிருக்கிறேன். பூட்டி பிறந்த வீட்டு வழியில் இருக்கும் ஒரு குடும்பத்தை அத்தை நினைவுபடுத்தியிருக்கிறார். அடுத்து அவர்களைப் பார்க்கப் போகிறேன்.