பிள்ளையின் முதுகும் ஸ்கேன் படமும்

ஹட்டன் பக்கத்தில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். தலையில் கயிறு மாட்டிக் கொழுந்து சுமந்தவர்களின் முதுகுவலிதான் இங்கே அன்றாட வேலை. இப்போது எம்.ஆர்.ஐ. படத்தோடு பிள்ளைகளும் வரத் தொடங்கிவிட்டார்கள்.

அப்படி வந்தவன் 13 வயதுப் பையன். கிரிக்கெட் விளையாடும்போது விழுந்ததால் கண்டிக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்திருந்தார்கள். முறிவு எதுவும் இல்லை. ஆனால் இடுப்பின் கடைசி டிஸ்கில், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டில், தேய்வு என்று அறிக்கையில் ஒரு வரி இருந்தது. வலி இரண்டு கிழமையில் போய்விட்டதாம். அந்த வரிக்குப் பயந்து அம்மா விளையாட்டை நிறுத்திவிட்டார். புத்தகப் பையையும் அவரே பள்ளிக்கூடம் வரை தூக்கிப் போகிறார். தானும் கொழுந்து பறித்து முதுகு நொந்தவர். “எனக்கு வந்தது இவனுக்கும் வந்திருச்சே மிஸ்” என்று அழுதார்.

படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். மற்ற டிஸ்குகள் நடுவில் வெள்ளையாக இருந்தன, கடைசி மட்டும் கறுத்திருந்தது. டிஸ்கில் உள்ள நீர்தான் இந்த வகைப் படத்தில் வெள்ளையாகத் தெரியும். நீர் குறைந்தால் கறுக்கும். சிறு வயதிலேயே டிஸ்கின் இரத்தக் குழாய்கள் மறைந்து, பக்கத்து எலும்பிலிருந்து ஊறி வரும் ஊட்டத்தில்தான் அது பிழைக்க வேண்டியிருக்கிறது. அதனால் இந்த மாற்றம் நாம் நினைப்பதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும். டென்மார்க்கில் 13 வயதுப் பிள்ளைகள் 439 பேரைப் படமெடுத்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்குத் தேய்வின் அடையாளங்கள் இருந்தன. அவற்றில் சிலவற்றுக்கு வலியோடு தொடர்பு இருந்தது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2015இல் வந்த கட்டுரையில், முதுகுவலியே இல்லாத 20 வயதினரில் 37 வீதத்தினருக்கு டிஸ்க் தேய்வு தெரிந்தது.

அப்புறம் பையனைக் குனியச் சொன்னேன். உடனே அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அவர் தலையாட்டிய பிறகுதான் குனிந்தான். விரல் நுனி சிரமமில்லாமல் தரையைத் தொட்டது. குதிக்காலில் நடந்தான், ஒற்றைக்காலில் துள்ளினான், எங்கும் நோவில்லை. படத்தில் கண்டதைவிட அந்தப் பார்வைதான் எனக்குக் கவலை தந்தது. பயந்து அசையாமல் இருக்கும் பிள்ளைக்கு நல்ல தசையும் பலம் குறைந்துபோகும். பையை அவனிடமே கொடுங்கள், மெல்ல மெல்ல விளையாட விடுங்கள் என்றேன். அம்மா நம்புவதற்கு இன்னும் சில தடவை வரவேண்டியிருந்தது.

பிள்ளைகளின் முதுகுவலியை அலட்சியம் செய்யச் சொல்லவில்லை. நித்திரையைக் கலைக்கும் இரவு வலி, காய்ச்சல், உடல் மெலிவு, காலில் பலவீனம், சிறுநீர் மலம் கழிப்பதில் மாற்றம், இதில் ஒன்று இருந்தாலும் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். காசநோயோ கட்டியோ அப்படித்தான் தலைகாட்டும். அந்தப் பிள்ளைகளுக்கு ஸ்கேன் அவசியம்.

அறிக்கை எழுதும் வைத்தியர்களிடம் ஒன்று கேட்கிறேன். வலியில்லாத பிள்ளைகள் பலருக்கும் இந்த மாற்றம் காணப்படுகிறது என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். தாய் பஸ் ஏறுவதற்குள் யாராவது அதைத் தமிழில் சொல்லிவிட ஏற்பாடு செய்யுங்கள்.