டிரெட்மில்லில் ஏறும் முன்னும் இறங்கிய பின்னும்

இதய மறுவாழ்வுப் பிரிவில் பணிக்குப் புதிதாக வருபவர்கள் மானிட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதலில் பார்க்க வேண்டியது எடை இயந்திரத்தை. இதயச் செயலிழப்பு (இதயம் போதிய அளவு ரத்தத்தை இறைக்க முடியாத நிலை) உள்ளவருக்கு இரண்டு மூன்று நாளில் 2 கிலோ கூடியிருந்தால், பெரும்பாலும் அது தேங்கிய நீர். கணுக்காலை அழுத்திப் பாருங்கள். படுத்தால் மூச்சு வாங்குகிறதா என்று கேளுங்கள். அன்று பயிற்சி வேண்டாம், மருத்துவர் பார்க்கட்டும். ஓய்விலேயே ரத்த அழுத்தம் 180/110-ஐத் தாண்டினாலும், நாடி 120-க்கு மேல் இருந்தாலும் அப்படியே.

பயிற்சியில் எட்ட வேண்டிய இலக்குத் துடிப்புக்கு 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு இங்கே உதவாது. இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவருக்குத் துடிப்பு அவ்வளவு ஏறாது. ஏற்றப் பார்த்தால் ஆள்தான் திணறுவார். வழக்கமான மாத்திரையோடு செய்த டிரெட்மில் சோதனையின் உச்சத்தை எடுங்கள். ஓய்வில் 70, உச்சத்தில் 130 என்றால் இடைவெளி 60. அதில் 40 முதல் 60 சதவீதத்தை 70-உடன் கூட்டினால் 94 முதல் 106. சோதனையில் 110-இல் நெஞ்சுவலி வந்திருந்தால், 100-ஐத் தாண்டக் கூடாது. காலை மாத்திரையை விட்டுவிட்டு வந்தால் இந்தக் கணக்கே செல்லாது. அதனால்தான் தினமும் அதைக் கேட்கிறோம்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயம் ஒழுங்கின்றித் துடிக்கும் கோளாறு) உள்ளவருக்குத் திரையில் எண் குதித்துக்கொண்டே இருக்கும். எவ்வளவு கடினமாக இருக்கிறது என்று நோயாளியே 6 முதல் 20 வரை எண் சொல்லும் போர்க் அளவுகோலில் 11 முதல் 13, மூச்சு வாங்காமல் ஒரு வாக்கியம் பேச முடிவது: இவையே நம்பகமானவை. ஆனால் சிலர் எதற்கும் ‘லேசாத்தான் இருக்கு’ என்பார்கள். அவர்களின் முகத்தையும் வியர்வையையும் பாருங்கள். கைப்பிடியை இறுகப் பிடித்து நடந்தால் வேகம் 4 கி.மீ. என்று காட்டினாலும் உடல் செய்யும் வேலை அதைவிடக் குறைவு. வேகம் கூட்டியும் சிஸ்டாலிக் அழுத்தம் (ரத்த அழுத்தத்தின் மேல் எண்) 10 புள்ளிக்கு மேல் இறங்கினால், அறிகுறி இல்லாவிட்டாலும் நிறுத்துங்கள்.

நிறுத்துவது என்றால் சட்டென்று நிற்க விடுவதல்ல. நடக்கும்போது கால் தசைகள் ரத்தத்தை மேலே தள்ளுகின்றன. திடீரென நின்றால் அது காலிலேயே தங்கி, அழுத்தம் விழுந்து, தலை சுற்றும். ரத்தக் குழாய்களை விரிக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவருக்கு இன்னும் வேகமாக. வழக்கமான முடிவில் பத்து நிமிடம் மெதுநடை. அவசரமாக நிறுத்த நேர்ந்தால் உடனே உட்கார வையுங்கள், மயக்கம் வந்தால் படுக்க வையுங்கள். நெஞ்சில் ஒட்டிய எலக்ட்ரோடை உடனே கழற்றிவிடாதீர்கள், துடிப்புக் கோளாறு பல நேரம் பயிற்சி நின்ற பிறகான இந்த நேரத்தில்தான் தலைகாட்டும். இன்சுலின் போடுபவருக்குக் கிளம்பும் முன் சர்க்கரையை இன்னொரு முறை பாருங்கள்.