டென்வர்ல இருந்து மோவாப் வரைக்கும்: மூணு டீசல் ட்ரக், மூணு ட்ரெய்லர், ஒரே மலை

கொலராடோல இருக்கிறவங்களுக்கு ஐ-70 ஹைவே பத்தி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. டென்வர்ல 5,280 அடி உயரத்துல கிளம்பினா மேற்கே சுமார் 60 மைல்ல ஐசன்ஹவர் டனல், அதோட மேற்கு வாசல் 11,158 அடில இருக்கு. அங்கேருந்து சில்வர்தார்ன் ஊருக்கு இறங்குறது கிட்டத்தட்ட எட்டு மைல், நிறைய இடத்துல 7 சதவீத சரிவு. பின்னாடி ஒரு கேம்பர் ட்ரெய்லரை மாட்டிக்கிட்டு இந்த ரோட்டுல ஏறி இறங்கினாத்தான் ஒரு ட்ரக்கோட குணம் என்னன்னு புரியும், டீலர்கிட்ட அரை மணி நேரம் டெஸ்ட் டிரைவ் போறதுல எல்லாம் ஒண்ணும் தெரியாது.

மே மாசக் கடைசில மூணு குடும்பமா யூட்டால இருக்கிற மோவாப் ஊருக்குப் போனோம். எங்க வண்டி செவர்லே சில்வராடோ 2500 எச்டி, 6.6 லிட்டர் டூராமேக்ஸ் டீசல் எஞ்சின். நாமக்கல் நண்பர்கிட்ட ராம் 2500, 6.7 கம்மின்ஸ். திருச்சிக்காரர்கிட்ட ஃபோர்டு எஃப்-350, 6.7 பவர் ஸ்ட்ரோக், அதுலயும் பவர் கூடுதலான ஹை அவுட்புட் வெர்ஷன். எங்க ரெண்டு பேரோடதும் பின்பக்க பால் ஹிட்ச் உருண்டைல மாட்டுற சாதாரண ட்ராவல் ட்ரெய்லர், சாமான் எல்லாம் ஏத்தினா 9,000 பவுண்ட் பக்கம் வரும். திருச்சிக்காரரோடது ட்ரக் பெட்டுக்குள்ள உக்காரற ஃபிஃப்த் வீல், 13,000 பவுண்டுக்கு மேல. கிளம்பும்போதே பேசி வச்சுக்கிட்டோம், வழில டிரைவர் மட்டும் மாறிக்கலாம், யார் வண்டி எப்படின்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும்னு. ரொம்ப நாளா இதைப் பத்தி போன்ல வாதம் பண்ணிட்டு இருந்தவங்க நாங்க.

மலை ஏறுறதுக்கு முன்னாடி ஒரு ட்ரக் ஸ்டாப்ல நிறுத்தி மூணு வண்டியையும் கேட் ஸ்கேல்ல எடை போட்டோம். ட்ரெய்லர் இழுக்குற எல்லாரும் இதைக் கண்டிப்பா பண்ணணும்னு நான் கெஞ்சிக் கேட்டுக்குவேன். பெரிய லாரி ஏறுற அதே தராசுதான், முன் ஆக்ஸில் ஒரு பிளேட்ல, பின் ஆக்ஸில் ஒண்ணுல, ட்ரெய்லர் வீல் இன்னொண்ணுல நிக்கும், மூணுத்துக்கும் தனித்தனியா எடை போட்ட சீட்டு கையில வரும். அந்தச் சீட்டை எடுத்துக்கிட்டு டிரைவர் கதவைத் திறந்தா பக்கவாட்டுல ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும், ஆளுங்க, சாமான், ஹிட்ச்ல இறங்குற பாரம் எல்லாம் சேத்து இத்தனை பவுண்டுக்கு மேல போகக் கூடாதுன்னு. வண்டி விக்கிறவங்க டோ ரேட்டிங், அதாவது இழுக்குற அளவு, 18,000, 20,000னு சத்தமாச் சொல்லுவாங்க, இந்த ஸ்டிக்கரைக் காட்ட மாட்டாங்க. முக்கால் டன்னு சொல்ற 2500 ரக ட்ரக்ல டீசல் எஞ்சினே அவ்வளவு கனம், அதுக்கு மேல லெதர் சீட், சன்ரூஃப்னு உசந்த ட்ரிம் எடுத்தா பேலோட், அதாவது ட்ரக் தாங்குற பாரம், 2,000 பவுண்ட் பக்கத்துலயே நின்னுபோற வண்டிங்க நிறைய. ஃபிஃப்த் வீல்ல மொத்த எடைல 15ல இருந்து 25 சதவீதம் ட்ரக் மேலதான் உக்காரும். 12,000 பவுண்ட் ட்ரெய்லர்னா 20 சதவீதம் வச்சாலே 2,400 ஆச்சு, இன்னும் நாம யாரும் வண்டில ஏறவே இல்ல. இழுக்குற சக்தி இருக்கும், தாங்குற சக்தி இருக்காது. திருச்சிக்காரர் முக்கால் டன்ன விட்டுட்டு ஒரு டன் எஃப்-350 எடுத்ததுக்கு இதுதான் காரணம், அவர் சீட்டுல எல்லாமே கணக்குக்குள்ள நிம்மதியா இருந்துச்சு.

ஏத்தத்துல எங்க டூராமேக்ஸ் எந்தக் கஷ்டமும் காட்டல. 470 ஹார்ஸ்பவர், 975 பவுண்ட்-அடி டார்க் (சக்கரத்தைத் திருப்புற விசை), கூட 10 ஸ்பீடு ஆலிசன் கியர்பாக்ஸ். ஜார்ஜ்டவுன் தாண்டி ரோடு நெட்டுக்க எழும்பும், அங்க கியர் எப்ப மாறுதுன்னே தெரியாம ஒரே சீரா ஏறுச்சு. மலைல டீசலுக்கு ஏன் இவ்வளவு மரியாதைன்னா காத்துதான் காரணம். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமாரா 3 சதவீத பவரை இழந்துடும், 11,000 அடில மூணுல ஒரு பங்கு காணாமப் போயிருக்கும். டீசல்ல டர்போ காத்தை அமுக்கி உள்ள தள்றதால அந்த இழப்பு பெருசாத் தெரியாது. நமக்கு முன்னாடி ஹசார்ட் லைட்டைப் போட்டுக்கிட்டு வலதுபக்க லேன்ல ஊர்ந்துட்டுப் போற கேம்பர் வண்டிங்களைப் பாத்தா பாவமா இருக்கும்.

ஆனா ஏத்தம் பெரிய விஷயமே இல்லைங்க. மெதுவா போனா நேரம்தான் போகும், உயிர் போகாது. இறக்கம்தான் விஷயம். நாமக்கல் நண்பரோட அப்பா லாரி ஓட்டினவர், அவர் சொல்லிச் சொல்லி வளர்த்த பாடம் ஒண்ணை இவர் எங்களுக்கு அடிக்கடி சொல்லுவார்: ஏறின கியர்லயே இறங்கு, பிரேக்கை நம்பி இறங்காதே. கொல்லிமலை எழுபது கொண்டை ஊசி வளைவுக்கும் அதுதான் சட்டம், ராக்கி மலைக்கும் அதேதான். டனலைத் தாண்டி வெளிய வந்த உடனே ரேடியோல அவர் குரல், "கியரைப் பிடிங்கப்பா, எக்ஸாஸ்ட் பிரேக் போட்டாச்சா?"

இந்த எக்ஸாஸ்ட் பிரேக்குக்காகவே டீசல் வாங்கலாம்னு நான் மனசாரச் சொல்லுவேன். மூணு கம்பெனியும் டர்போக்குள்ள இருக்கிற சின்னச் சின்ன இறக்கைகளை மூடி எக்ஸாஸ்டை அடைக்கிறாங்க, எஞ்சின் மூச்சுத் திணறி வண்டியைப் பின்னால இழுத்துப் பிடிக்கும். ஒரு பட்டன்தான். காலை பிரேக்ல வைக்காமலே 9,000 பவுண்ட் நம்மளைப் பின்னாலேருந்து தள்ளாம வரும். அந்த இறக்கத்துல ரன்அவே ராம்ப்னு சரளை கொட்டி மேல் நோக்கி ஒரு பாதை விட்டிருக்காங்க, பிரேக் சூடேறிப் பிடிக்காமப்போன லாரி அதுல ஏறி நிக்கிறதுக்கு. சும்மா இருக்கிற அந்த ராம்ப்பைக் கடந்து போகும்போதே வயித்துல ஒரு பயம் வரும்.

சில்வர்தார்ன்ல டீ குடிச்சிட்டு நான் ராம்ல ஏறினேன். வெய்ல் (Vail) பாஸ்ங்கிற கணவாய் 10,662 அடி, அதுக்கப்புறம் வெய்ல் ஊர் வரைக்கும் நீளமான இறக்கம். கம்மின்ஸ் பத்தி என்ன சொல்றது, 1989ல டாட்ஜ் ட்ரக்ல முதல்முதலா இந்த 5.9 லிட்டர் எஞ்சினை வச்சப்போ 160 ஹார்ஸ்பவர், 400 பவுண்ட்-அடி. இன்னைக்கும் அதே மாதிரி ஆறு சிலிண்டர் ஒரே வரிசைல நிக்கிற எஞ்சின்தான், மத்த ரெண்டும் வி8. நண்பரோடது ஸ்டாண்டர்ட் வெர்ஷன், 370 ஹார்ஸ்பவர், 850 டார்க், ஆறு கியர். பேப்பர்ல பாத்தா மூணுல இதுதான் சின்னது, ஏத்தத்துல எங்களை விட மெதுவாத்தான் ஏறுச்சு, கியருக்கும் கியருக்கும் நடுவுல இடைவெளி ஜாஸ்தி. ஆனா இறக்கத்துல எக்ஸாஸ்ட் பிரேக்கை ஆட்டோல வச்சு, பிரேக்கை லேசா ஒரு தட்டு தட்டி 50 மைல் ஸ்பீடுல விட்டேன் பாருங்க, கீழ வர்ற வரைக்கும் அந்த ஸ்பீடைப் பிடிச்சுக்கிட்டே வந்துச்சு. அந்த அடித்தொண்டைச் சத்தம் காதுல கேட்டுட்டே இருந்தா ஒரு தைரியம் வரும். 2025 மாடல்ல இருந்து இதுக்கும் எட்டு கியர் வந்துடுச்சு, 430 ஹார்ஸ்பவர், 1,075 டார்க், குளிர்ல ஸ்டார்ட் ஆக உதவுற கிரிட் ஹீட்டரை எடுத்துட்டு க்ளோ பிளக்கும் போட்டுட்டாங்க. பழசு வாங்குறவங்க ஒண்ணை கவனிங்க, 2019, 2020 வண்டிங்கள்ல சிபி4 ஃப்யூவல் பம்ப் வந்துச்சு, அப்புறம் ரீகால் போட்டு சிபி3 பம்ப்பா மாத்தினாங்க. மாத்தியாச்சான்னு வின் நம்பரை (வண்டியோட அடையாள எண்) வச்சு விசாரிச்சிட்டு வாங்குங்க.

க்ளென்வுட் கேன்யன்ல ட்ரக் பத்தி யாரும் பேசல. கீழ கொலராடோ ஆறு, ரெண்டு பக்கமும் பாறைச் சுவர், நடுவுல தூண் மேல தொங்குற மாதிரி ரோடு, 1992ல தான் அந்தப் பகுதி முடிஞ்சு ஐ-70ல சேந்துச்சு. குழந்தைங்க கூட போனைக் கீழ வச்சிட்டுப் பாத்துட்டு வந்தாங்க.

யூட்டா எல்லை தாண்டினா ஒரே வெட்டவெளி. மதியம் பக்கவாட்டுக் காத்து பலமா அடிச்சுது, அப்ப நான் ஃபோர்டுல. ட்ராவல் ட்ரெய்லர்னா காத்து வால் பக்கத்தைப் பிடிச்சு ஆட்டும், பாரத்தைப் பிரிச்சுக் குடுக்குற வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் போட்டிருந்தாலும் ஸ்டியரிங்ல ஒரு கண் இருந்துட்டே இருக்கணும். ஃபிஃப்த் வீல்ல பாரம் பின் ஆக்ஸில் மேலயே இறங்குறதால ட்ரெய்லர் ட்ரக்கோட ஒட்டிப் பிறந்த மாதிரி வருது. 13,000 பவுண்ட் பின்னாடி இருக்குங்கிறதே சில நேரம் மறந்துபோச்சு, அது நல்லதும் இல்ல, நான் வேணும்னே அடிக்கடி கண்ணாடியைப் பாத்துக்கிட்டேன். டெட் ஹார்ஸ் பாயிண்ட் கேம்ப்கிரவுண்ட்ல ரிவர்ஸ் எடுக்கிறப்ப எங்க ட்ராவல் ட்ரெய்லரையும் ஃபோர்டுல மாட்டிப் பாத்தோம், டேஷ்ல ஒரு குமிழ், அதை எந்தப் பக்கம் திருப்புறோமோ ட்ரெய்லர் அந்தப் பக்கம் போகுது, ஸ்டியரிங் தானாத் திரும்பிக்குது. புதுசா ட்ரெய்லர் ஓட்டுறவங்களுக்கு இது பெரிய உதவி. கேமரா விஷயத்துல எங்க செவிதான் (செவர்லே) மேல, ட்ரெய்லருக்குப் பின்னாடி ஒரு கேமரா மாட்டிட்டா ட்ரெய்லரே கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும்.

திரும்பி வரும்போது சில்வர்தார்ன்ல இருந்து டனலுக்கு ஏறுற அந்த எட்டு மைலை நான் ஃபோர்டுல கேட்டு வாங்கி ஓட்டினேன். 500 ஹார்ஸ்பவர், 1,200 டார்க். மூணுலயே பெரிய சுமை இதுக்குத்தான், ஆனா மூணுலயே முதல்ல மேல போய்ச் சேந்தது இதுதான். இழுக்குறதுன்னு மட்டும் பாத்தா இதுக்கு நிகர் இல்ல, நான் செவி ஓட்டுறவன்தான், இருந்தாலும் உள்ளதைச் சொல்லணும். டனல் தாண்டி டென்வர் பக்கம் வர்றப்ப, மலை முடிஞ்சுதுன்னு நினைக்கிற இடத்துல ஒரு மஞ்சள் போர்டு நிக்கும், லாரிக்காரங்களே ஏமாந்துடாதீங்க, இன்னும் நாலு மைல் செங்குத்துச் சரிவும் வளைவும் பாக்கி இருக்குன்னு. சமவெளி கண்ணுக்குத் தெரியும், கால் தானா ஆக்ஸிலரேட்டருக்குப் போகும். ட்ரக் சொந்தமா வச்சிருக்கிற ஒவ்வொருத்தரும் அந்த போர்டுக்கு மதிப்புக் குடுக்கணும்.

இதெல்லாம் வருஷத்துல சில வாரம்தான். மிச்ச நாள் இந்த வண்டிலதான் ஸ்கூல், காஸ்ட்கோ, ஆபீஸ், கோயில் எல்லாம். கிட்டத்தட்ட 21 அடி நீளம், ஆறரை அடிக்கு மேல உயரம், ஏர்போர்ட் பார்க்கிங் கராஜ்ல நுழையறதுக்கு முன்னாடி மேல தொங்குற கம்பில எழுதியிருக்கிற உயரத்தைப் படிச்சிட்டுத்தான் நுழையணும். இந்தத் தினப்படி விஷயத்துல எனக்கு செவிதான் பிடிச்சிருக்கு. அதுல மட்டும்தான் முன்னாடி ரெண்டு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், ஃபோர்டு, ராம் ரெண்டுலயும் நாலு வீல் டிரைவ்னா முன்னாடி ஒரே கட்டை ஆக்ஸில். காலி வண்டில குண்டும் குழியுமான ரோட்டுல போனா ஸ்டியரிங்ல அந்த வித்தியாசம் கைக்கே தெரியும். ராம் 2500ல பின்னாடி லீஃப் (பட்டை) ஸ்பிரிங்குக்குப் பதிலா காயில் (சுருள்) ஸ்பிரிங், அதனால பின் சீட்ல தூங்குற குழந்தை எழுந்திரிக்காது, உள்ள சீட்டும் வேலைப்பாடும் மூணுல அதுதான் அழகு. எங்க வீட்டுல அவங்களுக்கு ராம் உள்பக்கம் பிடிச்சுது, ஓட்டுறதுக்கு செவி பிடிச்சுது. ஃபோர்டு காலியா ஓட்டுறப்ப ஒரு டன் லீஃப் ஸ்பிரிங் தூக்கித் தூக்கிப் போடுது, அது பாரத்துக்குன்னே செஞ்ச வண்டி, பாரம் ஏத்தினாத்தான் சாந்தமாகுது.

இன்னொரு முக்கியமான விஷயம், தினமும் ரெண்டு மைல் ஸ்கூலுக்குப் போய் வர்றதுக்கு மட்டும்னா தயவுசெஞ்சு டீசல் வாங்காதீங்க. எக்ஸாஸ்ட்ல புகைக்கரியைப் பிடிக்கிற டிபிஎஃப் ஃபில்டர் இருக்கு, அது அப்பப்ப தன்னைச் சூடாக்கி கரியை எரிச்சுக்கணும், அந்த ரீஜென் முடியறதுக்கு ஹைவேல கொஞ்ச நேரம் ஓடணும். பாதிலயே பாதிலயே நிறுத்தினா அடைச்சுக்கும், செலவு ஆயிரக்கணக்குல போகும். புகையைச் சுத்தமாக்குற டெஃப் திரவம் ஊத்தணும், ஆயில் மாத்தினா டூராமேக்ஸுக்கு 10 குவார்ட், கம்மின்ஸுக்கு 12, பவர் ஸ்ட்ரோக்குக்கு 13. ஜனவரி குளிர்ல ராத்திரி எஞ்சினைச் சூடா வைக்கிற பிளாக் ஹீட்டரை பிளக்ல போட்டு வைக்கணும். பெட்ரோலை விட வாங்கும்போதே 10,000 டாலர் பக்கம் கூட. 6,000, 7,000 பவுண்ட் ட்ரெய்லரை கோடைல ரெண்டு தடவை சமவெளில இழுக்குறவங்களுக்கு ஃபோர்டோட 7.3 பெட்ரோலோ செவியோட 6.6 பெட்ரோலோ தாராளமாப் போதும், பேலோடும் அதுல கூடுதலாக் கிடைக்கும். மலை ஏறி இறங்குறவங்க டீசலுக்குக் குடுக்குற காசை அந்த இறக்கத்துலயே திரும்ப எடுத்துடுவாங்கன்னு நான் நம்புறேன்.

நாமக்கல் நண்பர் அடுத்த வண்டியும் கம்மின்ஸ்தான்னு முடிவா இருக்கார், ஃபிஃப்த் வீலுக்கு மாறப் போறதால இந்தத் தடவை ஒரு டன் 3500. நான் செவிலயே இருக்கேன், எங்க ட்ரெய்லர் 9,000 தாண்டாத வரைக்கும் மாத்துற எண்ணம் இல்ல. செப்டம்பர்ல ஆஸ்பன் இலை மஞ்சளாகிற நேரத்துல யூரே, சில்வர்டன் பக்கம் போறோம். அங்க போற யுஎஸ் 550 ரோட்டுல ரெட் மவுண்டன் பாஸ் 11,018 அடி, ஓரத்துல தடுப்புச் சுவர் இல்லாத இடங்க இருக்கு, அதனால ட்ரெய்லரை ரிட்ஜ்வேலயே நிறுத்தி வச்சிட்டு ட்ரக்கை மட்டும் எடுத்துட்டுப் போறதா இருக்கோம்.